கடலோரத்து ஊரில் மேடு இருக்காது

தனியாக இருக்கும் ஆண்பிள்ளைக்குக் கார் பழுதாவது ஒரு வகையில் விருந்தாளி வந்த மாதிரி. போய் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. "என்னாச்சு சார்?" என்று ஒருவர் அக்கறையாக விசாரிக்கவும் செய்கிறார். (இதை என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

என் மனைவி மங்கை அரசாங்க நர்ஸ். காரைக்கால் அரசு ஊழியர்களின் தலையெழுத்து, மாற்றல் வந்தால் பக்கத்து ஊருக்கு வராது. புதுச்சேரி அரசின் துண்டு நிலமாகக் கேரளத்துக்குள் இருக்கும் மாகேவுக்கோ, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமுக்கோ வரும். மங்கைக்கு மாகே விழுந்தது. மகள் யாழினி புதுச்சேரியில், விடுதியில். நான் பள்ளிக்கூட வாத்தியார். பரீட்சை நேரம் என்பதால் கூடப் போக முடியவில்லை. மைத்துனன்தான் ரயிலில் அழைத்துப்போய்க் குடிவைத்துவிட்டு வந்தான். வீடு எப்படி என்று கேட்டதற்கு, "நல்ல காத்தோட்டம் மாமா" என்றான்.

அதன் பிறகு எங்கள் பேச்சு, "சாப்டீங்களா?" "சாப்டேன், நீ?" "சாப்டேன்" என்று தேய்ந்துபோனது. போனை வைத்ததும் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நான் டிவியை நிறுத்துவதில்லை.

அப்போதுதான் காரின் கிளட்ச் போனது.

திருமலைராயன்பட்டினத்தில் பஷீர் பாயின் பட்டறை. கியர்பாக்ஸை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளட்ச் தட்டு காகிதமாகத் தேய்ந்திருந்தது. அது ஒட்டி உரசும் கனத்த இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலில் அங்கங்கே நீலம் பூத்திருந்தது.

"சூட்டுல இப்புடி ஆயிருக்கு சார். லேத்துல குடுத்துக் கடைஞ்சா புதுசு மாதிரி ஆயிடும். இல்லன்னா எமரித்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டிடலாம். ரெண்டும் செய்யிறவங்க உண்டு."

"நீங்க என்ன சொல்றீங்க பாய்?"

"கடையலாம். ஆனா லேத்துக்காரரு வீட்டுல கல்யாணம். அடுத்த வாரந்தான் தொறப்பாரு."

ஃப்ளைவீலைப் படமெடுத்து மங்கைக்கு அனுப்பினேன். (மற்றவர்கள் மனைவிக்குப் பூப்படம் அனுப்புவார்கள்.) உடனே அழைத்தாள்.

"படத்தப் பெருசு பண்ணிப் பாத்தேங்க. நீலத் திட்டு நெறய இருக்கு. கடைஞ்சுடுங்க."

அன்று ஃப்ளைவீலைப் பற்றி நாங்கள் பேசிய அளவுக்கு, நிச்சயதார்த்தம் முடிந்த புதிதில்கூடப் பேசியதில்லை. மறுநாளும் அவளே அழைத்து, என்ன முடிவு செய்தேன் என்று கேட்டாள். முடிவு செய்தால் பேச்சு நின்றுவிடுமே, அதனால் "யோசிக்கிறேன்" என்றேன். பட்டறையில் கார் குடல் வெளியே தள்ளிக் கிடக்க, எமரியா லேத்தா என்று நான் மந்திரிசபை மாதிரி ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "இங்க அரிசி மொத்த மொத்தமா இருக்குங்க. நம்ம போலகத்து அரிசி சாப்புடணும் போல இருக்கு."

அது அரிசி ஆசை இல்லை என்று எனக்குப் புரிந்தது. அந்த வாரக் கடைசியிலேயே, சொல்லாமல் கொள்ளாமல் காரில் போய் நிற்பது என்று தீர்மானித்தேன். இனி லேத்துக்காரருக்காகக் காத்திருக்க முடியாது.

"வண்டி மேடு கீடு ஏறுமா சார்? மேடுன்னா எமரி போதாது." என்றார் பாய்.

"மாகேதான் பாய். கடலோரம்."

"கடலோரமா? அப்ப நம்மூரு மாதிரி தரையாத்தான் இருக்கும். எமரியே போதும்."

இருவருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. நாங்கள் பார்த்த கடற்கரையெல்லாம் பாய் விரித்த மாதிரி கிடக்கும். நான் கார் ஓட்டி ஏறிய உச்சமே அரசலாற்றுப் பாலம்தான்.

போலகத்தில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் கொடுத்த பொன்னி அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருச்சி சிக்னலில் கார் லேசாக நடுங்கியது. புதுக் கிளட்ச், பழகிவிடும் என்று தேற்றிக்கொண்டேன். கோயம்புத்தூரில் இன்னும் கொஞ்சம் நடுங்கியது. நானும்தான், சந்தோஷத்தில்.

மாகேயில் கடல் இருந்தது. உள்ளே திரும்பியதும் பூமி எழுந்து நின்றது. மங்கையின் வீடு மேட்டின் உச்சியில், ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு சந்தின் முடிவில். (அந்த உயரத்தில் காற்றோட்டத்துக்கு என்ன குறைச்சல்.) பாதி ஏறும்போது எதிரே ஆட்டோ வந்தது. நிறுத்தினேன். மறுபடி கிளட்சை விட்டதும் கார் குளிர்ஜுரம் கண்டது போல் உதறத் தொடங்கியது. கிரைண்டர் குதித்தது. என் பற்கள் தந்தி அடித்தன. பதற்றத்தில் எஞ்சின் அணைந்து, கார் பின்னால் சரிந்து ஒரு மதிலில் முட்டியது. பின்கதவு திறந்துகொள்ள, மூட்டை உருண்டு விழுந்து பிரிந்து, அரிசி சந்து முழுக்க ஓடியது.

தெருவே கூடி மலையாளத்தில் என்னென்னவோ கேட்டது. நான் எல்லாவற்றுக்கும் "மங்கை, மங்கை" என்று பதில் சொன்னேன். அவள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அரிசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஃப்ளைவீலக் கடையலையா?"

வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. சந்தில் உட்கார்ந்து அரிசியை அள்ள ஆரம்பித்தவள், அள்ளிக்கொண்டே அழுதாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்து அள்ளினேன்.

அவ்வூர்ப் பட்டறையில் மறுபடி கியர்பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலை லேத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு ஒரு வாரம் ஆனது. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, செம்மண் கலந்த அரிசியைக் கழுவிக் கழுவிச் சமைத்தேன். இருவரும் கல்லைக் கடித்தபடி சாப்பிட்டோம். அவள் டூட்டி முடிந்து மேடேறி வருவதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சமீபத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

திரும்பும்போது கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு சிக்னலிலாவது நடுங்கினால் வண்டியைத் திருப்ப ஒரு சாக்குக் கிடைக்குமே என்று வழியெல்லாம் பார்த்தேன். நடுங்கவில்லை.

மங்கை இன்னும் மாகேயில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாழினி போனில் சிரித்துக்கொண்டே கேட்பாள்: "அப்பா, கிளட்ச் நடுங்குதா?"

"கொஞ்சம் நடுங்குதும்மா" என்பேன்.

அவள் அதை அம்மாவிடம் சொல்லிவிடுவாள் போலிருக்கிறது. அன்று சாயங்காலமே மங்கை அழைப்பாள். "லேத்துக்காரரு தொறந்துட்டாரா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

"இன்னும் இல்ல மங்கை, விசாரிச்சுச் சொல்றேன்" என்று டிவியை நிறுத்திவிட்டு உட்காருவேன்.