துலோனுக்குப் போன மீசைப் படம்

சாரம், புதுச்சேரி
3 மார்ச் 1958

பிரான்சு தேசம் துலோனில் உத்தியோகம் பார்க்கும் மதிப்புக்குரிய மச்சான் ஜாக் அவர்களுக்கு, போட்டோ ஸ்டூடியோ சவரிமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. தேவகிருபையால் இங்கே எல்லார் உடம்பும் சுகம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் பார்த்த மாப்பிள்ளை பெர்னாரின் அம்மா எனக்கு எழுதியிருக்கிறார்கள். பெண் பார்க்க நான் அனுப்பிய படம் கிடைத்ததாம், பெண்ணுக்குச் சவரம் செய்யும் பழக்கம் உண்டா என்று கேட்கிறார்கள். பெற்ற தகப்பன் படிக்கிற கேள்வியா இது? பதறிப்போய்க் கடையில் இருந்த இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். என் ஒரே மகள் தெரேசுக்கு மேலுதட்டில் மீசை. எல்லாம் நீங்கள் அனுப்பிய சிவப்புக் கண்ணாடி செய்த வேலை. படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் லென்சுக்கு அடியில் சிவப்புக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, அந்த வெளிச்சத்தில்தான் தாளை அப்படி இப்படி நகர்த்தி முகத்தை நடுவில் நிறுத்துவோம். நல்ல சிவப்பு தாளில் பதியாது. கண்ணாடியை விலக்கினால்தான் படம் விழும். பழையது உடைந்து நீங்கள் புதிது அனுப்பினீர்கள், தெரேசே அதை வளையத்தில் பொருத்தித் தந்தாள், அது வெளிச்சத்தைக் கசியவிட்டு, நான் தாளை நகர்த்துவதற்குள் புருவத்தை உதட்டுக்கு மேல் பதித்துவிட்டது. இருட்டறை விளக்கில் எனக்குத் தெரியவில்லை. காயவைத்து, உறையில் போட்டு, தபாலில் சேர்த்ததும் அவள்தான். பிரான்சுச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பீர்கள். மூடினேன், திறந்தால் மகளுக்கு மீசை.

"பொண்ணுக்கு மீச வரஞ்சி அனுப்பன அப்பன எங்கனா பாத்திருக்கீங்களா" என்று உங்கள் தங்கை மாதாகோயில் வாசலில் நின்று ஊரைக் கேட்கிறாள். ஆகையால் நீங்களே நேரில் போய், என் மகளுக்கு மீசை இல்லையென்று சத்தியம் செய்தாவது இந்தக் கலியாணத்தைக் காப்பாற்ற வேண்டியது. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தேவமாதா உங்களைக் காக்கட்டும், கண்ணாடி பார்த்து வாங்கும் புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
சவரிமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தெரேஸ் வந்து நின்றாள். "மாமாவ ஏம்பா திட்டறீங்க? அவரு அனுப்பன கண்ணாடி எம்பொட்டியில பத்திரமா இருக்குது. அதுக்குப் பதிலா நாந்தான் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஒட்டற செவப்புக் காயிதத்த வெட்டி வெச்சேன். எனக்கு அந்தக் கலியாணம் வேணாம்" என்றாள். வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று கத்தினேன். "சொன்னேம்பா. தாள் வெக்கிற நேரத்துல பேசாதன்னு சொல்லிட்டீங்க" என்றாள். மச்சான், நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டாம்.