கல்லாவும் கலங்கரை விளக்கமும்

கல்லாவில் உட்காரப் பொறுமை வேண்டும் என்று வேதமாணிக்கம் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் அவருடைய மளிகைக் கடை. கடலுக்குப் போகிற விசைப்படகுகளுக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் அங்கிருந்துதான் ஏறும். நாசரேத்திலிருந்து வந்து கடை போட்ட நாள் முதல் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஸ்டூலில் வேறு யாரும் உட்கார்ந்தது இல்லை. சாப்பாடு அங்கே. பேப்பர் அங்கே. காய்ச்சல் வந்தால் போர்வையும் அங்கே. அண்ணாச்சி எழுந்தால் ஸ்டூலும் கூடவே எழுந்து வரும் என்று தெருவில் பேச்சு.

மனைவி ஷிஜிக்கு இடம் பின்னால் இருக்கிற குடோன். ஜன்னல் கிடையாது. ஃபேன் உண்டு, சத்தம் வரும், காற்று வராது. கல்யாணமான புதிதில், "ரெண்டு நாளைக்குப் பருப்புப் பொட்டலம் கட்டிக் குடு" என்று அண்ணாச்சி அங்கே உட்கார வைத்தார். மகள் காலேஜுக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம் வந்தது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளையெல்லாம் கரையில் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஜூன் பாதி வரைக்கும் கடலுக்குப் போகக் கூடாது. படகு போகாவிட்டால் அண்ணாச்சி கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். அந்த நேரம் பார்த்து ஷிஜி குடோனிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏங்க, யாவாரந்தான் மந்தமா இருக்கே. கொஞ்ச நாள் நான் முன்னால உக்காருதேன். நாலு மனுச முகத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

"கல்லான்னா என்ன, பருப்பு மூட்டையா? ஒருத்தன் அஞ்சு ரூவாய்க்கு வாங்கிட்டு அம்பது ரூவாய்க்குப் பேசுவான். அதுக்குப் பொறுமை வேணும். ஒனக்கு அது கெடையாது."

"ஒங்களுக்கு இருக்கோ?"

"இருக்கோவா? பைபிள்ல பொறுமைக்குப் பேர் போன யோபுவே வந்து எங்கிட்ட டியூஷன் படிக்கணும்!"

அப்போது கடை வாசலில் "தூ! மறுபடியும் பூட்டான்!" என்று ஒரு சத்தம். தண்டபாணி. விசைப்படகு ஓட்டுகிற டிரைவர். படகு கரையில் கிடப்பதால் அவரும் அண்ணாச்சி கடை அரிசி மூட்டைமேல் கிடந்தார். கையில் செல்போன். முகத்தில் கொலைவெறி.

"இன்னா கேமு இது அண்ணாச்சி! குட்டியா ஒரு ஆளு. கையில ஒரு வெளக்கு. லைட் ஹவுஸு உச்சிக்குப் போயி அத்த ஏத்தணும். அவ்ளோதான் மேட்டரு. ஆனா ஏற வுட மாட்றானே!"

"விழுந்தா?"

"கடல்ல வுழுவான். மறுபடி கீழேர்ந்து ஆரம்பிக்கணும். உச்சியில போயி வுழுந்தாலும் கீழேர்ந்துதான். அதுகூடப் பரவால்ல. வுழுந்தவுடனே தண்ணியிலேர்ந்து ஒரு மீனு தலைய நீட்டி சிரிக்குது! நான் எத்தினி மீனப் பாத்தவன்! என்னப் பாத்து ஒரு மீனு சிரிக்கலாமா அண்ணாச்சி?"

ஷிஜி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொறுமைதானே? இந்த வெளையாட்ட முடிச்சுக் காட்டுங்க. படகு மறுபடி கெளம்புததுக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா, கல்லாவுல உக்காரட்டுமான்னு சாகுத வரைக்கும் வாயத் தொறந்து கேக்க மாட்டேன். முடிக்கலன்னா அந்த ஸ்டூலு எனக்கு."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு பொம்மை மாடி ஏறுததுக்கு ரெண்டு மாசமா? மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வெளக்க ஏத்திட்டு வந்து கையக் கழுவுதேன், பாரு."

தண்டபாணி அண்ணாச்சியின் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு ஆறி அவலாகிப் போனது. பொம்மை முதல் பலகையைத் தாண்டவில்லை.

படம் தட்டையாக இருந்தது, சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி. உள்ளே போக வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. இடது பக்கம் நடக்கலாம், வலது பக்கம் நடக்கலாம், மேலே குதிக்கலாம். கீழே மட்டும் கேட்காமலேயே போய்விடும். ஒரு பலகையில் கால் வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். இன்னொன்று நகர்ந்து போகும். பாதி வழியில் சங்கிலியில் ஒரு பெரிய நங்கூரம் ஊஞ்சலாடும். அதில் பட்டால் தொபுக்கடீர். மீன் வரும். சிரிக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒருவழியாக நங்கூரம் வரை ஏறினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, ரெண்டு ஷாம்பு!"

தொபுக்கடீர். நிமிர்ந்து பார்த்தால் மீன் விற்கிற பவானி நிற்கிறாள். அண்ணாச்சிக்குக் காது வரைக்கும் சிவந்தது.

"என்னங்க, பொறுமையா இருக்கீங்களா?" என்று குடோனிலிருந்து குரல் வந்தது.

"இருக்கேன்!" என்று அவர் கத்தியதில் கரண்ட் கம்பியில் இருந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டது.

மறுபடி நங்கூரம். மறுபடி யாரோ. "அரைக் கிலோ ரவ." தொபுக்கடீர். "அண்ணாச்சி, சில்ற கீதா?" தொபுக்கடீர். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் நங்கூரம் ஆடுகிற நேரம் பார்த்துத்தான் சாமான் வாங்க வந்தார்கள். கடைசியில் அண்ணாச்சியே கூப்பிட்டார்.

"ஏ ஷிஜி! பத்து நிமிசம் இங்க வந்து உக்காரு. இந்த நங்கூரத்த மட்டும் தாண்டிட்டு வந்துருதேன்."

அவள் வந்தாள். ஒரு சிரிப்பில்லை, ஒரு குத்தல் இல்லை. ஸ்டூலை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டாமா? அவர் எங்கே சுதாரித்தார்! போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடோனுக்குள் ஓடிவிட்டார்.

பத்து நிமிஷம் நாளாகி, வாரமாகி நீண்டது. அவர் கேட்காமலேயே டீ வந்தது. கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது.

"ஏங்க, விழுந்து எந்திரிக்கும்போது கை சும்மாதானே இருக்கு? கோவம் வந்தா ஒரு பருப்புப் பொட்டலம் கட்டுங்க. தணிஞ்சிரும்."

சொன்னது உண்மைதான். ஒரு தடவை விழுந்தால் ஒரு பொட்டலம். துவரம்பருப்பை அளந்து, மடித்து, நூல் சுற்றி முடிவதற்குள் ரத்தக் கொதிப்பு இறங்கிவிடும். மறுபடி ஏறுவார். அந்த மாதம் கடையில் பொட்டலத்துக்குப் பஞ்சமே வரவில்லை.

அப்படி ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள் அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நங்கூரம் இஷ்டத்துக்கு ஆடவில்லை! நிதானமாக வருகிறது, நிற்கிறது, போகிறது. பலகை உதிர்வதற்கு முன்னால் ஒரு நடுக்கம் காட்டி எச்சரிக்கிறது. பறந்து வந்து முட்டுகிற வெள்ளைப் பறவைகூட முதலில் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. இந்த விளையாட்டு அவரை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. அவசரப்பட்டது எல்லாம் இவர்தான்.

எந்த ஊர்க்காரனோ, முகம் தெரியாத ஒருத்தன். அவசரக்காரன் எங்கே கால் வைப்பான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, சரியாக அந்த இடத்தில் பலகையை எடுத்திருக்கிறான்! அண்ணாச்சிக்கு உடம்பு புல்லரித்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாரும் ஒரே குரலில் பாட ஆரம்பிக்கிறபோது வருமே, அந்தச் சிலிர்ப்பு. மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனைத் தொட்டார்.

"தண்டபாணி, இது வெளையாட்டு இல்லப்பா. வேற என்னமோ."

"இன்னா அண்ணாச்சி, பேய் கீய் புடிச்சிக்கிச்சா?"

"அந்த மீன் நம்மளக் கேலி பண்ணலப்பா. நம்ம அவசரத்தக் கேலி பண்ணுது."

தண்டபாணி மெதுவாக எழுந்து முன்பக்கம் போய்விட்டார். முன்பக்கம் ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. என்ன நடக்கிறது என்று அண்ணாச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஏ ஷிஜி, சத்தத்தக் கொறைங்க! இங்க ஒரு மனுசன் ஏறிக்கிட்டு இருக்கான்!" என்பதோடு சரி.

தடைக்காலம் முடிகிற நாள் வந்தது. மறுநாள் காலையில் படகெல்லாம் கிளம்ப வேண்டும். தெரு முழுக்க ஐஸ் வண்டி, டீசல் கேன், வலை மூட்டை. கடை வாசலில் திருவிழாக் கூட்டம். உள்ளே குடோனில் அண்ணாச்சி, போன், கடைசி ஏற்றம்.

உதிர்கிற பலகையைத் தாண்டினார். நங்கூரத்துக்கு வழிவிட்டுப் போனார். பறவை குரல் கொடுத்ததும் ஒதுங்கி நின்றார். உச்சிக்கு வந்துவிட்டார்! இதற்கு முன்பும் பல தடவை உச்சிக்கு வந்திருக்கிறார். விளக்கு மேடை எட்டும் தூரத்தில் தெரியும். ஒரு குதி குதித்தால் போதும் போல இருக்கும். குதிப்பார். தொபுக்கடீர்.

இந்தத் தடவை விரல் துடித்தது. 'அவசரம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போனை மூட்டைமேல் வைத்தார். பருப்பை எடுத்தார். அளந்தார், மடித்தார், நூல் சுற்றினார்.

பொம்மை சும்மா நின்றது. நின்று, நின்று, பிறகு தானாகவே விளக்கைத் தலைக்கு மேலே தூக்கியது. அந்த மேடை மெல்ல நகர்ந்து அதன் காலடிக்கே வந்தது!

கலங்கரை விளக்கம் எரிந்தது. வெளிச்சம் கடல்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இத்தனை நாள் வெறும் இருட்டாக இருந்த இடத்திலெல்லாம் குட்டிக் குட்டிப் படகுகள், ஒவ்வொன்றாகக் கரையைப் பார்த்துத் திரும்பின. கீழே அந்த மீன் தலையை நீட்டியது. சிரிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தது. அண்ணாச்சியும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆண்டவரே, இதற்காகவா இத்தனை நாள் விழுந்தேன், விழுந்தது அத்தனையும் தகும் என்று தோன்றியது.

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஓடினார். "ஜெயிச்சிட்டேன்! ஷிஜி, ஜெயிச்சிட்டேன்!"

யாரும் திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை. ஷிஜி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு படகுக்கும் வேண்டிய சாமான் முன்கூட்டியே மூட்டையாகக் கட்டி, அந்தந்தப் படகின் கலரில் ஒரு துணி முடிச்சுப் போட்டுத் தயாராக இருந்தது. ஒரு கை சில்லறை கொடுத்தது, ஒரு கை மூட்டையைக் காட்டியது, வாய் பவானியிடம் அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் விசாரித்தது. ஒருத்தன் கேட்டு முடிப்பதற்குள் சாமான் அவன் தோளில் இருந்தது. அண்ணாச்சி இரண்டாவது தடவையாக வாயைப் பிளந்தார்.

ஷிஜி போனைப் பார்த்தாள். உடனே எழுந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க. சொன்ன சொல்லுன்னா சொல்லுதான். உக்காருங்க."

அண்ணாச்சி ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, கல்லுப்பு ஒரு மூட்ட!"

எப்போதும் உப்பு இருக்கிற இடத்தில் கை விட்டார். ஊதுபத்தி வந்தது. அவர் பதறவில்லை. பதறினால் தொபுக்கடீர் அல்லவா? கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். நங்கூரம் போகட்டும் என்று காத்திருந்தார். கூட்டம் தெருமுனை வரை நீண்டது.

"இன்னா அண்ணாச்சி, தூங்கிகினு கீறியா?"

"அவசரப்படக் கூடாதுப்பா."

"யோவ், நாங்க கடலுக்குப் போவணும்யா, கல்லறைக்கு இல்ல! அக்கா எங்கப்பா? அக்காவக் கூப்புடு!"

"அக்கா கடையில இவரு இன்னா பண்றாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அண்ணாச்சி கடை எப்போது அக்கா கடையானது? பவானி கூட்டத்தின் நடுவிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தாள். அச்சு அசல் அந்த மீன் சிரிப்பு.

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பினார். ஷிஜி கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றிருந்தாள்.

"என்ன, நின்னுகிட்டே இருக்க?"

"நான்தான் வாயத் தொறந்து கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே."

"வந்து உக்காரு."

"பத்து நிமிசத்துக்கா?"

"எப்பவுமே. கும்புட்டுக் கேக்கேன், உக்காரு தாயி."

உட்கார்ந்தாள். கூட்டம் ஆற்று வெள்ளம் மாதிரி நகர ஆரம்பித்தது. மூட்டையைத் தோளில் ஏற்றிய தண்டபாணி அண்ணாச்சியின் காதோரம் குனிந்தார்.

"மன்ச்சுக்கோ அண்ணாச்சி. லேசுல முடிக்க முடியாத கேமு எதுனா இருக்கா தண்டபாணின்னு அக்காதான் கேட்டுச்சு. சத்தியமா நீ முடிப்பேன்னு நான் நெனைக்கல."

"அவ நெனச்சாளா?"

"அக்கா சொல்லுச்சு: முடிச்சாலும் ஒண்ணுதான், முடிக்காட்டியும் ஒண்ணுதான்னு."

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. உடம்பு புல்லரித்தது. எங்கே கால் வைப்பான் என்று தெரிந்து பலகையை எடுத்த அந்த முகம் தெரியாத ஆளுக்கு இத்தனை நாள் செருப்பைக் கழற்றி மரியாதை செய்தாரே, அந்த மரியாதை முழுவதும் இப்போது ஸ்டூலைப் பார்த்துத் திரும்பியது.

"ஏங்க," என்றாள் ஷிஜி, கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உச்சித் தட்டுல வெல்லப் பெட்டி இருக்கு. ஏறி எடுங்க."

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்தார். அந்தத் தடைக்காலத்தில்தான் தண்டபாணி படகில் சேர்ந்திருந்த ஒரு ஆள் அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, ஏணி மேல கீற ஆளு புச்சா?"

"புதுசுதான் தம்பி," என்றாள் ஷிஜி. "ஆனா நல்லா ஏறுவாரு."