ஜரிகையில் தொங்கிய இரண்டு உருண்டைகள்

பெரிய காஞ்சிபுரம்,
9-3-1970

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அப்பாதுரை அவர்களுக்குத் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கு யாவரும் சுகம். வாலாஜாபாத்தில் தங்கள் அரிசி ஆலையும், தங்கள் இடது முழங்காலும், சிரஞ்சீவி பழனியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

சென்ற திங்கட்கிழமை காலை, ராகுகாலம் கழிந்தபின், தங்கள் தங்கை கமலாட்சியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, என் கடையிலிருந்து இரண்டு முழம் ஜரிகை இழையைக் கல்லூரிக்கு இனாமாக வழங்குவதென்று முடிவு செய்தேன். இப்படிப்பட்ட முடிவை எங்கள் பரம்பரையில் இதற்குமுன் யாரும் எடுத்ததில்லை. ஆகவே அதன் வரலாற்றைத் தாங்கள் அறிவது அவசியம்.

தங்கள் மருமகள் ஏலவார்குழலி பி.யு.சி.யில் பௌதிகம் படிப்பது தங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான், பங்குனி பன்னிரண்டில் பழனியோடு நிச்சயதார்த்தம், அதோடு படிப்பு போதும் என்று எழுதியிருந்தீர்கள். தாய்மாமன் சொல். நிச்சயத்துக்குத் தாங்கள் கொண்டுவர வேண்டிய சேலையையும் என் கடையிலேயே சொல்லியிருந்தீர்கள். பூ வேண்டாம், புட்டா வேண்டாம், உடல் சாதாவாக இருக்கட்டும், கரையில் மட்டும் ஜரிகை போதும் என்ற தங்கள் எளிமையை நெசவாளர் முனிசாமியிடம் சொன்னேன். அவர் தறியை நிறுத்தி, மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். குழலி கல்லூரிப் பொருட்காட்சியில் ஒரு சோதனை செய்துகாட்ட மட்டும் அனுமதி கேட்டாள். அது நன்றாக நடந்தால் விரிவுரையாளர் தேவசகாயம் அவளுக்கு பி.எஸ்ஸி. இடத்துக்குச் சிபாரிசு எழுதுவாராம். "செய், பார்ப்போம்" என்றேன். பார்ப்போம் என்று சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சோதனை இதுதான். இரண்டு நெட்டி உருண்டைகளுக்கு சிகரெட் பெட்டியின் பளபளக்கும் தாளைச் சுற்றி, பட்டு நூலில் தொங்கவிட வேண்டும். கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்து ஒன்றைத் தொட்டால் அதற்கு நேர் மின்னூட்டம். வேறொரு கோலைக் கம்பளியால் தேய்த்து மற்றதைத் தொட்டால் அதற்கு எதிர் மின்னூட்டம். பிறகு இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், தொடும், தொட்டதும் விலகும். பாடப்புத்தகத்தில் "பட்டுத்துணியால் தேய்க்க" என்ற வரியை அவள் வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. உலகத்தில் பருத்தி இருக்கிறது, சணல் இருக்கிறது; விஞ்ஞானிகள் பட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரைப் போடாதது அடக்கம் காரணமாக இருக்கலாம். அத்தனை பேர் பார்க்கும் இடத்தில் உருண்டையை வெறும் நூலில் கட்டுவது நம் தெருவுக்கே கௌரவக் குறைவு என்றுதான் ஜரிகை கொடுத்தேன். தேய்ப்பதற்கு நாலு விரல் ஜரிகைக் கரை ஒன்றும் கொடுத்தேன்.

இரண்டு நாள் குழலி தேய்த்தாள். நானும் தேய்த்தேன். கோலில் கீறல் விழுந்ததே தவிர, உருண்டைகள் சம்பந்தி சண்டையில் உட்கார்ந்த இரண்டு வீட்டார் போல அசையாமல் தொங்கின. புத்தகம்தான் தப்பு என்று நான் தீர்ப்பளித்தேன். குழலி அதற்குள் கணக்குப் பக்கத்துக்குப் போய்விட்டாள். ஒன்றில் நேர் பன்னிரண்டு அலகு, மற்றதில் எதிர் நாலு, இடைவெளி இரண்டு சென்டிமீட்டர்; தொடவைத்துப் பிரித்து, பழைய தூரத்திலேயே வைத்தால் விசை என்ன? நான் பன்னிரண்டையும் நாலையும் கூட்டிப் பதினாறு, ஆளுக்கு எட்டு என்றேன்.

"நாலு மைனஸ்ப்பா. அத்த விட்டுட்டீங்களே."

குறையை வெளியில் சொல்லும் பழக்கம் முப்பது வருட வியாபாரத்தில் எனக்கு வந்ததில்லை என்று விளக்கினேன். அந்த நேரம் பாவு நூல் வாங்க வந்து, புத்தகத்தில் உள்ளதைக் கேட்ட முனிசாமி, "இன்னாமா அது, ஒண்ண ஒண்ணு இழுத்துக்கினு இருந்தது, தொட்டதும் ஏன் தள்ளிக்கினு போவுது?" என்றார்.

"பன்னண்டுல நாலு போனா எட்டு, முனிசாமிண்ணா. ரெண்டு பேரும் ஒரே அளவு, அதனால ஆளுக்கு நாலு. ரெண்டும் இப்ப பிளஸ்தானே? அதான் தள்ளுது. மொதல்ல இழுத்தது பன்னண்டு டைன், இப்ப தள்றது நாலு டைன்."

"அட, எங்க அண்ணன் கதைதான்! பாகம் பிரிக்கிற வரைக்கும் ஒரே தட்டுல துன்னோம். சமமா பிரிச்சாங்க பாரு, அன்னியிலேந்து அவன் அந்தத் தெரு, நான் இந்தத் தெரு."

இவ்வளவு சுருக்கமாக பௌதிகத்தை அந்தப் புத்தகம்கூடச் சொல்லவில்லை. தூரம் இருமடங்கானால் விசை நாலில் ஒன்றாகிவிடும் என்றும் குழலி சொன்னாள். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நான் அன்றுதான் நன்றியோடு நினைத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை அவள் அந்த ஜரிகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தினாள். "அப்பா! உங்க ஜரிகைதாம்ப்பா! வெள்ளிக் கம்பியாச்சே! ஏத்துறதெல்லாம் அது வழியா ஸ்டாண்டுக்கு எறங்கிப் போயிடுது!"

மைத்துனரே, இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எந்த ஜவுளிக்கடைக்காவது கிடைத்திருக்குமா? உரைகல் பொய் சொல்லலாம், தரகர் சொல்லுவார், மின்சாரத்துக்கு என்ன கைமாறு? கமலாட்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதுக்குத்தான் ரெண்டு நாளா பொண்ண அழ வெச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். விஞ்ஞானம் எல்லாருக்கும் பிடிபடாது. சாதாப் பட்டு நூலில் உருண்டையைக் கட்டியாயிற்று. தேய்க்கவும் ஜரிகையில்லாத பட்டு ஒரு சாண் வேண்டும் என்றாள். "எங்கே இருக்குதோ எடுத்துக்கோம்மா, இதெல்லாம் என்னைக் கேக்கணுமா?" என்றேன். கடை முழுக்கத் தேடியும் அப்படி ஒன்று அகப்படவில்லையாம். காஞ்சிபுரத்தில் ஜரிகையில்லாத பட்டை யார் கேட்கிறார்கள்? எங்கிருந்தோ எடுத்துக்கொண்டாள். தறிக் கொட்டகைப் பக்கம் முனிசாமி, "அதுவாம்மா? ஐயையோ, அதுவா?" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. நான் வாடிக்கையாளரோடு இருந்தேன்.

சனிக்கிழமை பொருட்காட்சி. உருண்டைகள் இழுத்தன, தொட்டன, துள்ளி விலகின. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், கடைசியாக நிறுத்தியவனும் நான்தான். பிறகு தேவசகாயம் அதே கணக்கைப் பலகையில் விளக்க ஆரம்பித்து, ஆளுக்கு எட்டு, விசை பதினாறு டைன் என்று எழுதினார். குழலி எழுந்து, "சார், நாலுக்கு மைனஸ் இருக்குது சார்" என்றாள். அவர் பார்த்தார், அழித்தார், சிரித்தார், அங்கேயே சிபாரிசுக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எம்.எஸ்ஸி. படித்தவர் செய்த அதே தவறை நான் ஐந்தாம் வகுப்போடு செய்திருக்கிறேன். பெண்ணுக்கு மூளை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இருந்தாலும் பெருமை வேறு, வாக்கு வேறு. சிபாரிசுக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டேன். தாங்கள் குறித்தபடி பங்குனி பன்னிரண்டில் நிச்சயதார்த்தம். பதினைந்து பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறேன். சேலை புதன்கிழமை முனிசாமி கையில் வரும். கமலாட்சி தன் அண்ணனுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். பழனிக்கு என் ஆசிகள். காமாட்சி தங்கள் குடும்பத்தைத் தழைக்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
தணிகாசலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் முனிசாமி சேலையை மடிக்கக் கொண்டுவந்தார். உடலில், முந்தானைக்கு மேலே, ஒரு சாண் சதுரம் இல்லை. குழலியைக் கூப்பிட்டேன். "எங்க இருக்குதோ எடுத்துக்கோன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?" என்றாள். சொன்னது உண்மை. வெட்டுப்பட்ட சேலையை நிச்சயத் தட்டில் வைக்கக் கூடாது என்கிறாள் கமலாட்சி. தறியில் ஏற்கெனவே இரண்டு பாவு காத்திருப்பதால் புதுச் சேலை முடிய ஆனி கடைசி ஆகும் என்கிறார் முனிசாமி. அதன்பின் ஆடி. பி.எஸ்ஸி. வகுப்பு ஆனி எட்டாம் தேதி தொடங்குகிறது.