கடைசி பெஞ்சில் தூங்காதவர்

கரஸ்பாண்டன்ட் ஐயா, நீங்கள் செய்தது தப்பு. வகுப்பில் தூங்கினார் என்று நீங்கள் மெமோ கொடுத்த அந்த அம்மா தூங்கவில்லை. உங்கள் கல்லூரியில் முழுசாக விழித்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைக்கு வெளியே இருக்கிற ஒரு நர்சிங் கல்லூரியில் நான் வாத்தியார். அதற்கு முன்னால் வளைகுடாவில் ஐ.சி.யூ. நர்ஸ். சொந்த ஊர் அறந்தாங்கியில் வந்து இறங்கிய அன்று என் மகள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அம்மா, போன்ல வர்ற அப்பா வந்திருக்காரு" என்றாள். இனிமேல் விமானம் ஏறுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். உள்ளூரில் கிடைத்தது இந்த வேலைதான். அதுவும் தற்காலிகம். கரஸ்பாண்டன்ட் ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் மறுபடி விமானம்.

புது வாத்தியாருக்கு அங்கே கொடுக்கிற பயிற்சி என்ன தெரியுமா? ஒரு புத்தகம், ஒரு டஸ்டர், "மூணாவது ரூமுக்குப் போங்க." அவ்வளவுதான். நன்றாகச் சாப்பிடுகிறவனுக்குச் சமைக்கவும் தெரியும் என்று நம்புகிற கூட்டம்.

முதல் வகுப்பு, இடுப்பில் ஊசி போடுவது. புத்தகத்து இங்கிலீஷை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, டம்மி பொம்மைக்குச் சரக்கென்று ஊசியைப் போட்டேன். வருஷக்கணக்காகப் போட்ட கை. கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. "சார், ஊசியை எங்கிட்டுப் போட்டீங்க?"

இடுப்பில் என்றேன்.

"இடுப்புல எம்புட்டு எடம் இருக்கு. அதுல எங்கிட்டு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். உற்றுப் பார்த்தால் அது மாணவி இல்லை. என்னைப் போலவே கழுத்தில் ஸ்டாஃப் கார்டு. என்னைவிடச் சின்ன வயசு. ஸ்டாஃப் ரூமில் பிடித்துச் சண்டை போட்டேன், பிள்ளைகள் முன்னால் மானத்தை வாங்குகிறீர்களே என்று.

"நான் கேக்கலைண்ணே. மூணாவது வரிசைப் பிள்ளை கேக்க வாயைத் தொறந்துச்சு. ஒங்க மொகத்தைப் பாத்துட்டு மூடிக்கிச்சு. அதுக்குப் பதிலாத்தான் கேட்டேன்."

அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. கடைசி பெஞ்சு மேடம். தன் வகுப்பு இல்லாத நேரமெல்லாம், புதிதாக வந்த வாத்தியார் யாரோ அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்தால் பரவாயில்லை. தினம் ஒரு மாணவியாக உட்காருவார். ஒரு நாள் ரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர். பதறிப்போன புது டீச்சர் தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் ஊற்ற, கண்ணைத் திறக்காமலே, "மொதல்ல மூச்சு இருக்கான்னு பாக்கணும் மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மயங்கினார். இன்னொரு நாள் பக்கத்துப் பெண்ணோடு கல்யாண ஜாக்கெட் பற்றிப் பேசி, இரண்டு பேரையும் வெளியே அனுப்பும்படி ஆனது. வெளியே போய் மணி அடிக்கும் வரை நின்றார். அந்தப் பக்கம் வந்த பிரின்சிபால், என்னம்மா இங்கே என்று கேட்டதற்கு, "பனிஷ்மென்ட் மேடம்" என்றார்.

நோயாளிக்கு உணவு ஊட்டுவது எப்படி என்று நான் பாடம் எடுப்பதற்கு முதல் நாள், என்னை லேபில் கட்டிலில் படுக்க வைத்து, கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி, இரண்டு மாணவிகளிடம் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்தார். அதுகள் நேற்றுப் பார்த்த படத்தின் கதையைப் பேசிக்கொண்டே ஊட்டின. கஞ்சி மூக்குக்குப் போனது.

"எப்படி இருந்துச்சுண்ணே?"

நான் ஒருத்தன் கிடக்கிறேன் என்று அதுகளுக்கு நினைப்பே இல்லை என்று கத்தினேன்.

"இதை நாளைக்கு வகுப்புல சொல்லுங்க. புஸ்தகத்துல இது இல்லை."

அவர் தலையைக் கவிழ்த்துத் தூங்கினால், நாம் பிள்ளைகளை விட்டுவிட்டு கரும்பலகைக்குப் பாடம் நடத்துகிறோம் என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

உங்களுக்குத்தான் தெரியாது ஐயா. நீங்கள் வந்த அன்று பாடம், நாடி பார்ப்பது. உங்களை முன்வரிசையில் பார்த்ததும் மகள் முகம் போன் திரைக்குள் போவது போல இருந்தது. கரும்பலகையைப் பார்த்துப் புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்தேன். பின்னால் தொம் என்று ஒரு சத்தம். அடுத்து குறட்டை. லாரி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரிக் குறட்டை.

புத்தகத்தை மூடினேன். நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் அவர் கையைத் தூக்கினேன். நோயாளி தூங்குகிறார், எழுப்பாமல் நாடியைப் பாருங்கள் என்றேன். மூன்றாவது வரிசைப் பிள்ளை வந்து கட்டை விரலை வைத்தது. கட்டை விரலில் உன் நாடியே துடிக்கும், அதை எடுத்துவிட்டு மற்ற விரல்களை வை என்றேன். வைத்தது. மெதுவாக, "சார், துடிக்குது" என்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வரிசையில் வந்து பார்த்தது. மேடம் கண்ணைத் திறக்கவே இல்லை.

நீங்கள் எனக்குக் கை கொடுத்தீர்கள். வேலை நிரந்தரம் என்றீர்கள். மறுநாள் அவருக்கு மெமோ. இனி வகுப்புப் பக்கம் போகக் கூடாது, அட்மிஷன் மேசையில் உட்கார வேண்டும். நாங்கள் வந்து விளக்கினோம். "நான் என் கண்ணால பாத்தேன்" என்றீர்கள். பிரின்சிபால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடமோ, "எம்புட்டு நல்லாத் தூங்கியிருக்கேன் பாருங்கண்ணே" என்று சிரித்தார்.

இந்த வருஷம் இரண்டு புது டீச்சர்கள் வந்தார்கள். அதே புத்தகம், அதே டஸ்டர். ஒருத்தி லேபில் அழுதுவிட்டு, வேலையை விட்டே போய்விட்டாள். இன்னொருத்தி மதியம் சாப்பிடாமல் அட்மிஷன் மேசைக்குப் போய் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறாள். மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார். ஃபீஸ் கேட்க வந்த பெற்றோர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வருகிறார்கள்.

இதை எழுதியதற்கு எனக்கும் மெமோ வரும். வரட்டும். என் மகள் இப்போது என்னை வெறும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் குறட்டை வாங்கிக் கொடுத்தது அது.

பிள்ளைகள் நர்ஸ் உறுதிமொழி எடுக்கப்போகிற விளக்கேற்று விழாவில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். பிள்ளைகள், பெற்றோர் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அவர் தூங்கினாரா, இல்லையா? மூணாவது ரூமில் கடைசி பெஞ்சில் என் கர்சீப்பைப் போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.