ஜான் பிரௌனுக்கு மறுபக்கம்

நடுநிலையாளர் என்று ஓர் இனம் உண்டு. எந்த மண்ணிலும் முளைக்கும். கான்சாஸில் கோதுமையோடு போட்டி போட்டுக்கொண்டு வளரும். வீடு பற்றி எரிந்தாலும் தண்ணீருக்கு ஓடாது. நெருப்பின் தரப்பையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்னும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வெர்லின் கோன் அந்த இனத்தின் திலகம்.

அவருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். பாட்டு டீச்சர் ஐரீன், ஜான் பிரௌன் கதையைப் பிள்ளைகளுக்கு ஓபராவாகவே சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டார். அடிமை முறையை ஒழிக்க வாளெடுத்தவர். ஓர் இரவில் அடிமை முறையை ஆதரித்த ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துவந்து வெட்டவைத்தவர். கடைசியில் தூக்கில் தொங்கியவர். தியாகியா, கொலைகாரரா? கான்சாஸ்காரர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. கோனுக்கோ வேறு கவலை. பெற்றோர் யாராவது போன் செய்துவிட்டால்?

"ரெண்டு பக்கமும் வரணும் டீச்சர்."

வந்தது. கோரஸில் பாதிப் பேர் தியாகி என்றும் மீதிப் பேர் கொலைகாரன் என்றும் ஒரே நேரத்தில் பாட, கோன் போனை நீட்டிச் சத்தத்தை அளந்து, கொலைகாரன் பக்கம் கட்டைக்குரல் கூடுதல் என்று கண்டுபிடித்து, கால்பந்து ஆடும் மூன்று தடியன்களைத் தியாகி பக்கம் தள்ளி, வாள் வன்முறையைத் தூண்டும் என்று அதையும் பிடுங்கிக்கொண்டு ஒரு மரக்கரண்டியைக் கொடுத்தார். ஜான் பிரௌன் கரண்டியும் கையுமாக நின்றார்.

அப்போது கறுப்பின மாணவி ஒடெஸா பெக்கம் பாடினாள். பிள்ளையை விற்றுவிட்டார்கள் என்று ஓர் அடிமைத் தாய் அழும் பாட்டு. அவளே எழுதியது, அவள் வம்சத்தில் நடந்தது.

"பிரமாதம்மா! ஆனா இதுக்கு மறுபக்கம் எங்க?"

"எதுக்கு சார்?"

"வித்தவருக்கும் ஒரு பாட்டு வேணும்ல? இதே நீளத்துக்கு. இல்லேன்னா உன் பாட்டையும் எடுத்துட வேண்டியதுதான்."

எந்தப் பிள்ளையும் அதைப் பாட முன்வரவில்லை. தடியன்கள்கூட, "எங்கள விட்ருங்க சார்" என்று நழுவினார்கள். ஒடெஸாவின் பாட்டு போன மாதிரிதான்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் சில்லி, அதாவது பீன்ஸ் போட்ட காரமான கறிக்குழம்பு. கூடவே கான்சாஸ் வழக்கப்படி பட்டைத்தூள் மணக்கும் இனிப்பு ரோல். வெளியூரிலிருந்து புதிதாக வந்த கணக்கு வாத்தியார் வாய் தவறி, "கறிக்குழம்புக்கு எவனாவது இனிப்பைத் தொட்டுக்குவானா? சோள ரொட்டி இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

கோன் மேஜையைக் குத்தினார். "சில்லிக்கு ரோல்தான்! இதுக்கெல்லாம் ரெண்டு பக்கம் கிடையாது!"

அடுத்த மேஜையில் ஒடெஸா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்போ ரெண்டு பக்கம் இல்லாத விஷயமும் இருக்கு, இல்ல சார்? ரோலுக்குக் கிடைக்கிற மரியாத எங்க ஆளுங்களுக்குக் கிடையாதா?"

"அது வேற, இது வேறம்மா."

"சரி. அப்போ வித்தவன் பாட்ட நீங்களே பாடுங்க."

கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. ஒடெஸா பாடி முடித்து, கன்னம் நனைய, அங்கேயே நின்றாள். பண்ணையார் தொப்பியோடு கோன் வந்தார். ஐரீன் பியானோவைத் தொட்டார். முதல் வரி, 'அந்தக் குழந்தை என் சொத்து.' கோன் வாயைத் திறந்தார். எதிரே ஒடெஸா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முன்வரிசையில் தாய்மார்கள் மடியில் குழந்தைகள்.

சத்தம் வரவில்லை. பியானோ பாட்டு முழுவதையும் தனியாக வாசித்து முடித்தது. கோன் தொப்பியைக் கழற்றி மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினார். பாவம், அந்த ஒரு பாட்டு நேரம் அவர் முழு மனிதராக நின்றார்.

வாசலில் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன சார், நீங்க பாடவே இல்லையே?"

"மறுபக்கத்துக்கும் சமமா நேரம் கொடுத்தோம்" என்றார் கோன், பழையபடி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் ஓரிடத்தில், 'இவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே' என்று தலையாட்டினீர்களே, அது எந்த இடம்? தொப்பி இன்னும் அந்த மேடையிலேயே கிடக்கிறது. உங்கள் தலைக்குச் சரியாக இருக்கும்.