ஒன்பதாவது அழைப்பு போகாத காரணம்

தென்காசி,
ஞாயிறு, ஜூலை 12.

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா செல்லச்சாமி எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்காலைத் தவிர. உன் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்பதால் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அது கேமராவின் கோணல்.

உங்கள் கம்பெனி செய்யும் இணைய அழைப்பு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி இந்த டேப்லட்டில் போட்டுக் கொடுத்தாய். நீ இருக்கும் ராட்டர்டாமில் உங்கள் ஆட்கள் எத்தனை பேர் பேசிப் பார்த்தாலும் வராத கோளாறு நம் வீட்டில் மட்டும் வருகிறது, இருபதாம் தேதிக்குள் காரணம் தெரியாவிட்டால் உன் பிரிவையே மூடிவிடுவார்கள், வேலையும் போய்விடும் என்று போன வாரம் சொன்னாய். "அப்பா, நீங்க ஸ்டேஷன்ல எழுதுன மாதிரி ஒண்ணுவிடாம எழுதி அனுப்புங்க" என்றும் சொன்னாய். முப்பத்திரண்டு வருடம் காவல் துறையில், அதில் பாதி நிலைய எழுத்தராக இருந்தவன் நான். எழுதுகிறேன்.

மேற்படி டேப்லட் எட்டு அழைப்பு வரை ஒழுங்காகப் பேசுகிறது. ஒன்பதாவது அழைப்புக்கு வளங்கள் தீர்ந்துவிட்டன என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வருகிறது. கோபத்தில் பக்கவாட்டுப் பொத்தானைப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், அழிக்கப்பட்ட ஒன்றைக் கூப்பிடுகிறீர்கள் என்று வேறொரு கட்டம் வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. இதில் முதல் சந்தேகம் சீசன் மேல். குற்றாலத்துச் சாரல் இந்த வருடம் நம் தெருவரை வருகிறது, துணி மூன்று நாளாகக் காயவில்லை, துணியே காயாதபோது மென்பொருள் மட்டும் எப்படி உருப்படும் என்பது என் கட்சி. இரண்டாவது சந்தேகம் ஐந்தருவிக் குரங்கு. அருவியை உனக்கு வீடியோவில் காட்டலாம் என்று டேப்லட்டோடு போன இடத்தில் அது பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது, முறுக்குப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்து மீட்டேன், இடையில் அது எதையெதை அமுக்கியதோ தெரியாது. மூன்றாவது சந்தேகம் உன் அம்மா பேச்சித்தாய். தோசை மாவுக் கையோடு டேப்லட்டைத் தொடுகிறாள். இதை எழுதும்போது பின்னால் நின்று படித்துவிட்டு, "ஏங்க, என் கையில மாவு இருந்தா அவ கம்பெனிய மூடிருவாங்களா? நல்லா எழுதுதீங்க அறிக்கை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் பதிவு செய்கிறேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மணிகண்டபிரபுவிடமும் காட்டினேன். பார்த்தான், தலையைச் சொறிந்தான், ஒன்றும் பிடிபடவில்லை என்றான். ஆகவே மேற்படி கோளாறு இயற்கையால் நேர்ந்தது என்று முடிவு செய்து கோப்பை மூடுகிறேன். வேலை போனால் போகட்டும், அதற்காக நீ வருத்தப்படாதே. மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பக்கத்துச் சுரண்டையில்கூட இப்போது கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்ல காற்றோட்டமான கட்டடம், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ எங்கிருந்தாலும் நம் ஊர் உலகம்மன் உன்னைப் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
அப்பா
(கையெழுத்து)

பின்குறிப்பு: மேலே எழுதியதை உன் ஆட்களிடம் காட்டாதே. அதில் டேப்லட் என்ற சொல்லும் அந்த இரண்டு கட்டங்களும்தான் உண்மை. சாரலுக்கும் உன் அம்மாவுக்கும் இதில் சம்பந்தம் கிடையாது. குரங்கு பிடுங்கிய பையில் டேப்லட்டே இல்லை, துண்டும் சோப்பும்தான் இருந்தன.

மணிகண்டபிரபு முதல் வாரமே காரணத்தைச் சொல்லிவிட்டான். "அண்ணாச்சி, நீங்க கால் போடும்போதெல்லாம் உள்ள ஒரு ஆப்ஜெக்ட் உருவாவுது. மைக்கையும் கேமராவையும் அதுதான் கையில வச்சிருக்கு. செவப்பு பட்டன அமுக்குனாத்தான் அதுக ரெண்டையும் விட்டுட்டு அது அழியும். நீங்க அமுக்காமலே வெளிய வந்திருக்கீய. எட்டு காலும் அப்படியே உயிரோட கெடக்கு, ஒம்பதாவதுக்கு எடம் எங்கன இருக்கு? கோவத்துல மொத்தமா அணைச்சியள்னா எட்டும் செத்துப்போவுது, ஆனா சாஃப்ட்வேரு அது தெரியாம செத்ததையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்றான்.

ராட்டர்டாமில் ஏன் வரவில்லை என்றால், அவர்கள் பேசி முடித்ததும் பட்டென்று வைத்துவிடுகிறவர்கள். பெரியவர்கள் வைக்கும் முன்னால் சின்னவர்கள் வைக்கக் கூடாது என்று உன் அம்மா உன்னை வளர்த்திருக்கிறாள். நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, நான் வைப்பேன் என்று நம்பி, போனை அடுப்பு மேடையில் சாத்திவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். நான் வைக்கவில்லை. உன் அம்மா அடுக்களைக்குப் போன பிறகு டேப்லட்டைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். குழாய்த் தண்ணீர் விழும், நீ தட்டைக் கழுவுவாய், எப்போதும் ஒரே தட்டுதான். நீ போனை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு வைஃபை எட்டாமல் உன் பக்கம் அறுந்துவிடும். அதற்குப் பிறகும் சிவப்புப் பொத்தானை அமுக்க எனக்கு மனசு வராது, நடுப் பொத்தானை அமுக்கி வெளியே வந்துவிடுவேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நாள் நீ உனக்கு நீயே, "ஏட்டி வேலு, இன்னைக்கும் நீ மட்டுந்தான் போலுக்கு" என்று சொல்லிக்கொண்டாய். அன்றைக்குத்தான், இருபதாம் தேதி தாண்டட்டும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மேலே கையெழுத்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் இன்றைய அழைப்பு வந்தது. பேசி முடித்த பிறகு, உன்னோடு வேலை பார்க்கும் கடையநல்லூர் பாஹிமா உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளிடம், "எங்க அப்பா அறிக்கை வரட்டும்ட்டி. அவங்க எழுதுனா அதுல ஒரு வரி பொய் இருக்காது" என்று நீ சொன்னது கேட்டது. அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

ஆகவே இந்தப் பின்குறிப்புதான் அறிக்கை. நாளைக்கே உங்கள் ஆட்களிடம் காட்டி, ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கமும் தானாக விட்டுவிடும்படி சரிசெய்துவிடு. அதுவரை நீயே முதலில் வைத்துவிடு. அம்மா கோபித்துக்கொண்டால் அப்பா சொன்னார் என்று சொல். எனக்கு வைக்க வராது.