கோழி ரத்தத்துக்கு நம்பிக்கை இல்லை

பாம்புக்கடிக்கு வேர்ச்சாறு கொடுக்கும் 'வேர் டாக்டர்' வந்த நாளிலிருந்து ஊரில் பாம்புக்கு இருந்த மரியாதையே போய்விட்டது. மூடிக்கிடந்த சினிமா கொட்டகையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவர் அருள்பாலித்தார். மந்திரமா? சேச்சே, எல்லாம் விஞ்ஞானம்!

"விஷத்துல இருக்கிற நொதிதான் ரத்தத்தைக் கெடுக்குது. என் வேர்ச்சாறு அதைக் கட்டிப்போட்டுடும்!"

நொதி என்றால் என்னவென்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அன்று முன்வரிசையில் ஒரு தச்சர். மரக்குவியலில் கைவிட்டபோது விரியன் பாம்பு கடித்துவிட்டது. முழங்கை வரை வீக்கம். ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியை இங்கே திருப்பிய புண்ணியவான் அவருடைய மைத்துனர். தச்சரின் மனைவி, ஒரு தையற்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மேசையில் ஒரு கூஜா நிறைய, உறையாதபடி பக்குவம் செய்த கோழி ரத்தம். டாக்டர் அதை இரண்டு தம்ளர்களில் ஊற்றினார். முதல் தம்ளரில் ஒரு சிறு குப்பியிலிருந்து விரியனின் விஷத்துளி விழுந்தது, ரத்தம் கட்டியானது. இன்னொரு துளியை வேர்ச்சாற்றில் கலக்கி, ஊறவிட்டு, இரண்டாவதில் ஊற்றினார். ரத்தம் உறையவே இல்லை.

"பாத்தியாம்மா? மாப்பிள்ளை பொழைச்சாரு!" என்றார் மைத்துனர், அவளுடைய அண்ணன்.

"இரு அண்ணா. ஏங்க டாக்டரு, இவரைக் கடிச்ச பாம்பு உங்க சாறைக் கலக்கிக்கிட்டா வந்து கடிச்சுது?"

"என்னம்மா சொல்றே?"

"இவருக்கு விஷம் ஏற்கெனவே உள்ள போயிடுச்சு. அதே மாதிரி ரத்தத்துல விஷத்தை முதல்ல விடுங்க. சாறை அப்புறம் ஊத்துங்க."

"அது... நம்பிக்கை இருக்கிறவங்களுக்குத்தான் பலிக்கும்."

விஞ்ஞானம் ஒரே நொடியில் கட்சி மாறிவிட்டது!

"நம்பிக்கை எனக்கு வேணுமா, கோழி ரத்தத்துக்கு வேணுமா?" என்றவள், இன்னொரு தம்ளரில் கூஜாவைச் சரித்தாள். விஷத்துளியை விட்டாள். ரத்தம் உறைந்தது. வேர்ச்சாறு புட்டி முழுவதையும் அதன்மேல் கவிழ்த்தாள். கட்டி கரையவில்லை. சாறு மேலே அசடு வழிய மிதந்தது.

"அண்ணா, வண்டியை எடு!"

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள். தச்சர் பிழைத்தார். ஆனால் கொட்டகையில் வீணாக்கிய நேரத்தில் சதை அழுகி, வலது கையில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. உளி பிடித்த விரல்கள். மைத்துனர் சுவரைப் பார்த்து அழுதார்.

ஏதோ ஒரு வேரில் நாளைக்கு நிஜமாகவே மருந்து கிடைக்கலாம். ஆராய்ச்சிக்கூடங்களில் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவரை, வெள்ளைக் கோட்டைக் கண்டாலும் வாயைத் திறந்து கேள்வி கேளுங்கள் ஐயா. கைதட்ட விரலாவது மிஞ்சும்!